ஊசியா, கொழுப்பா, இம்பிளான்ட்டா: மார்பகத்தைப் பெரிதாக்க நினைக்கும் பெண்ணுக்கு

தங்கச்சி மகளுக்கு வருகிற தையில் கல்யாணம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி ஆபீசில் கணக்கு பார்க்கிறாள், வயசு 26. போன ஞாயிறு வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள், அவள் அம்மா கறிகாய் வாங்கப் போன நேரம் பார்த்து என்னிடம் போனை நீட்டினாள். பெங்களூருவில் ஏதோ ஒரு அழகு கிளினிக்கின் விளம்பரம்.

"பெரியம்மா, இது ஊசிதானே, ஆபரேஷன் இல்லியே. காட்பாடில காலைல ரயில் ஏறினா, போட்டுக்கினு ராத்திரிக்குள்ள வூட்டுக்கு வந்துடலாம். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நீங்க இன்னா சொல்றீங்க?"

31 வருஷம் ஸ்கேன் அறையிலும், மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே அறையிலும் டெக்னீஷியனாக இருந்தவள் நான். டாக்டர் இல்லை. ஆனால் ஊசி போட்டுக்கொண்ட மார்பு உள்ளே எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். அவளிடம் அன்றைக்கு அரைமணி நேரம் பேசினேன், அதற்குள் அவள் அம்மா வந்துவிட்டாள். சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் இந்த ஜில்லாவில் இன்னும் பலர் இருப்பார்கள்.

முதலில் ஒன்று. மார்பு சிறியதாக இருக்கிறதே என்று ஒரு பெண் வருத்தப்பட்டால் அதற்காக அவளைத் திட்ட எனக்கு மனசு வராது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் இல்லாமல் பிறந்து, புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே வளர்ந்தவர்களைத் தெரியும். பிள்ளைக்குப் பால் கொடுத்து முடித்ததும் வற்றிப்போனது போல ஆகி அழுதவர்களையும் தெரியும். ஆசையை நான் கேள்வி கேட்கவில்லை. அந்த ஆசைக்காக எதை உடம்புக்குள் விடப்போகிறோம் என்பதைத்தான் கேட்கிறேன்.

என் தங்கச்சி மகள் கேட்டது ஊசியா, கத்தியா என்ற கணக்கில். ஊசி என்றால் சின்னது, கத்தி என்றால் பெரியது. அந்தத் தராசே சரியில்லை. நான் எடைபோடுவது வேறு விதம். உள்ளே போனதை வேண்டாம் என்ற நாளில் முழுசாக வெளியே எடுக்க முடியுமா? நாளைக்கே மார்பில் ஒரு கட்டி வந்தால், உள்ளே போன பொருளைத் தாண்டி அந்தக் கட்டியைப் பார்க்க முடியுமா? இந்தத் தராசில் வைத்தால் ஊசிதான் பல நேரம் பெரிய விஷயமாகிவிடுகிறது.

அளவிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே நிரப்பி உப்ப வைக்கும் ஜெல்லுக்கு ஃபில்லர் என்று பெயர். உதட்டுக்கும் கன்னத்துக்கும் போடும் ஃபில்லர் ஊசி ஒன்றில் இருப்பது 1 மில்லி ஜெல். மார்பு பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கே சுமார் 100 மில்லி வேண்டும், அதாவது வீட்டில் காபி குடிக்கும் ஒரு சின்ன டம்ளர் நிறைய. முகத்தில் ஒரு மில்லி பாதுகாப்பாக இருந்தது என்பதை வைத்து மார்பில் ஒரு டம்ளரும் பாதுகாப்புதான் என்று சொல்ல முடியாது. முகத்தில் பால் சுரப்பி இல்லை. வயசான பிறகு புற்றுநோய்க்காகக் கன்னத்தை யாரும் படம் எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

ஃபில்லர்களில் கொஞ்சம் மரியாதையானது ஹயலுரானிக் அமில ஜெல். நம் தோலிலும் மூட்டிலும் இயற்கையாகவே இருக்கும் பொருள், நாளடைவில் கரைந்தும் போகும். மார்புக்கென்றே கெட்டியான ஒரு வகையை ஸ்வீடன் நிறுவனம் ஒன்று மேக்ரோலேன் என்ற பெயரில் கொண்டுவந்தது. 2008 வாக்கில் பிரிட்டனில் அதற்கு நல்ல விளம்பரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம் என்றார்கள். என் தங்கச்சி மகள் காட்டிய விளம்பரத்திலும் கிட்டத்தட்ட அதே வாசகம்தான் இருந்தது. மேமோகிராமில் அந்த ஜெல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. எது ஜெல், எது கட்டி என்று பிரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் திணறினார்கள். 2011-ல் பிரான்ஸ் மார்பில் இதைப் போடுவதைத் தடை செய்தது. 2012-ல் தயாரித்தவர்களே, மார்புக்கு இதை இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று பின்வாங்கினார்கள். இன்றுவரை அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி கொடுக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. மார்பைப் பெரிதாக்க எந்த ஃபில்லருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. போடாதீர்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இதைக் கரைக்க ஒரு நொதி ஊசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, முகத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. மார்புக்குள் ஜெல் குளம் போலத் தேங்கி, அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டிவிட்டால் அங்கே அது அவ்வளவு சுலபமாக எடுபடாது. எல்லாம் நல்லபடியாகவே நடந்தாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் கரைந்துபோய் மறுபடி ஊசி. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குத்தும்போது கிருமி புகுகிற வாய்ப்பும் புதிது.

இதற்கே இப்படியென்றால் கரையாத ஜெல் என்னவாகும்?

பாலிஅக்ரிலமைடு என்று ஒரு பொருள். பார்க்க ஜெல்லிதான், தண்ணீர் நிறையப் பிடித்துவைக்கும், உடம்பு அதைக் கரைக்காது. 1990-களின் கடைசியிலிருந்து சீனாவில் ஏராளமான பெண்களுக்கு மார்பில் இதைப் போட்டார்கள். ஜெல் இடம் மாறி வயிற்றுப்பக்கமும் அக்குள்பக்கமும் இறங்கியது, கல் போல இறுகியது, சீழ் பிடித்தது. 2006-ல் சீன அரசு தடை செய்தது. அதற்குப் பிறகும் பொருள் ஒழியவில்லை, பெயர்தான் மாறியது. அக்வாஃபில்லிங் என்று ஒன்று வந்தது. 98 விழுக்காடு உப்புத் தண்ணீர்தான் என்று சொல்லி விற்றார்கள். மீதி 2 விழுக்காட்டில்தான் விஷயமே இருந்தது. ஆராய்ந்து பார்த்தவர்கள் அது பழைய பாலிஅக்ரிலமைடு குடும்பம்தான் என்றார்கள். 2019-ல் ஜப்பானின் பிளாஸ்டிக் சர்ஜரி, அழகு அறுவை சிகிச்சைச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, கரையாத ஃபில்லரை மார்பில் போட வேண்டாம் என்று அறிக்கை விட்டன.

இந்த ஜெல்லை நான் பார்த்த நாள் மறக்கவில்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். 30 வயசைத் தாண்டிய பெண், சில வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். காய்ச்சல், வலது மார்பு சிவந்து இறுகியிருந்தது. பால் கட்டியிருக்கும் என்று அனுப்பியிருந்தார்கள். படிவத்தில் 'முன்பு செய்த அறுவை சிகிச்சைகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார். ஸ்கேன் ஜெல்லைத் தடவினேன். "சில்லுனு இருக்குக்கா" என்றார். ஸ்கேன் கருவியின் கைப்பிடியான புரோபை வைத்ததும் திரையில் பால் சுரப்பிக்குப் பின்னால் கருப்பாக ஒரு குளம், அதன் பக்கத்தில் இன்னொன்று, நெஞ்சுத் தசைக்குள் ஒரு கோடு போல ஊடுருவிப் போயிருந்தது. புரோபைக் கீழே நகர்த்தினேன். மார்புக்குக் கீழே, விலா முடியும் இடத்தில், இருக்கவே கூடாத ஓரிடத்தில் அதே கருப்பு.

நான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பொறுமையாக, "எப்பவாவது மார்புல ஊசி போட்டிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண் வாசல் பக்கம் திரும்பி, மாமியார் காதில் விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் தலையசைத்தார். அவர் எழுதிய 'இல்லை' பொய்யில்லை. அவருக்கு நடந்தது ஆபரேஷன் இல்லையே, ஊசிதானே. கடைசியில் அவருக்கு ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், அதுவும் முழுசாக வரவில்லை. தசைக்குள் போனதைத் தசையோடுதான் எடுக்க முடியும். குழந்தைக்குப் பால் நின்றுபோனது.

ஊசி வழி என்பதால் ஆபரேஷன் தப்பிவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு வாசலைப் பார்த்த அந்தப் பெண்ணின் கண்தான் நினைவுக்கு வரும்.

திரவ சிலிக்கான் ஊசியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. போடவே கூடாது. அது ரத்தக்குழாயில் புகுந்து நுரையீரலை அடைத்து உயிரை எடுத்திருக்கிறது. பல வருஷம் கழித்துக்கூடக் கட்டி கட்டியாகக் கிளம்பும். 2017-ல் எஃப்.டி.ஏ. இதற்கென்றே தனி எச்சரிக்கை கொடுத்தது. ஒரு குழப்பத்தை மட்டும் தீர்த்துவிடுகிறேன், பலரும் இதில் ஏமாறுகிறார்கள். "சிலிக்கான் இம்பிளான்ட்டுக்கு அனுமதி இருக்கு, நாங்க போடறதும் அதே சிலிக்கான்தான்" என்பார்கள். இம்பிளான்ட் என்பது ஆபரேஷன் செய்து மார்புக்குள் வைக்கும் பை. அதில் சிலிக்கான் பைக்குள்ளேயே இருக்கிறது, பையைப் பிடித்து வெளியே இழுக்கலாம். ஊசியில் போடும் சிலிக்கான் சதைக்குள் எண்ணெய் போலச் சிதறிவிடும். ஒரே பெயர் என்பதால் ஒரே பொருளாகிவிடாது. இந்த வழி புதிதும் அல்ல. 1899-லேயே வியன்னாவில் கெர்சுனி என்ற டாக்டர் உருக்கிய பாரஃபின் மெழுகை உடம்புக்குள் ஊசியில் ஏற்றினார். பிறகு அது மார்புக்கும் வந்தது, கட்டியும் புண்ணுமாகத்தான் முடிந்தது. பொருளை மாற்றி மாற்றி நூறு வருஷத்துக்கு மேல் இதே கதை நடக்கிறது.

அடுத்து, சொந்தக் கொழுப்பு. தொடை, வயிற்றிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்து, சுத்தம் செய்து, மார்பில் சிறு சிறு துளியாகச் செலுத்துவது. இதுவும் ஊசி வழிதான். ஆனால் உள்ளே போவது அவளுடைய சதை, அந்நியப் பொருள் இல்லை. எனக்கு இதன்மேல் மதிப்பு உண்டு. போட்டதில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்குள் எவ்வளவோ பிழைக்கும், மீதியை உடம்பே உறிஞ்சிவிடும். அதனால் ஒரு தடவையில் ஒரு சின்ன ஏற்றம்தான் கிடைக்கும், இரண்டாவது தடவை தேவைப்படலாம். பிழைக்காத கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகவோ சுண்ணாம்புப் புள்ளியாகவோ தங்கும்.

அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகளைப் புற்றுநோய் என்று தவறாக எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கம் 1987-ல் இந்த முறையே வேண்டாம் என்றது. 20 வருஷத்துக்கு மேல் படங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, பயிற்சி பெற்ற கண் பெரும்பாலும் வித்தியாசம் சொல்லிவிடும் என்று தெளிந்து 2009-ல் நிலையை மாற்றிக்கொண்டது. ஜெல்லுக்கும் இதற்கும் நான் பார்க்கும் பெரிய வேறுபாடு இதுதான். ஜெல்லைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடியது. கொழுப்பைப் பார்க்கப் பார்க்கச் சந்தேகம் குறைந்தது.

என் தங்கச்சி மகளுக்கு இது சரிவருமா? அவள் ஒல்லி. எடுக்கக் கொழுப்பு வேண்டுமே. 'சாப்பிட்டு ஏத்திக்கறேன் பெரியம்மா' என்கிறாள். ஏற்றிய எடை இறங்கினால் மார்பில் போட்டதும் சேர்ந்து இறங்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

இம்பிளான்ட் என்றாலே நம் பெண்கள் பயப்படுகிறார்கள். மயக்கம், தையல், தழும்பு எல்லாம் உண்மை. 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முதல் சிலிக்கான் ஜெல் இம்பிளான்ட் வைத்தார்கள். அதன்பின் 60 வருஷ வரலாற்றில் நல்லதும் கெட்டதும் வெளிச்சத்தில் இருக்கிறது. 1992-ல் எஃப்.டி.ஏ. அழகுக்காக வைப்பதை நிறுத்தியது, 2006-ல் மறுபடி அனுமதித்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகையால் அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருவது தெரிந்ததும் 2019-ல் அந்த வகை சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2021-ல், நோயாளி கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு ஆபத்தையும் படித்து ஒப்புக்கொள்ள வேண்டிய படிவமும் அங்கே கட்டாயமானது. இவ்வளவு குறையை நானே பட்டியல் போடுகிறேனே என்றால், இந்தக் குறைகள் தெரிந்திருப்பதே எனக்கு ஒரு ஆறுதல். என்ன தேட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியும்.

சுற்றிலும் சவ்வு இறுகி மார்பு கெட்டிப்படுவது அடிக்கடி வரும் தொல்லை. ஆயுளுக்கும் தாங்குகிற பொருளும் இல்லை. அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை 8 முதல் 10 வருஷத்துக்குள் எடுக்க நேரிடலாம் என்பது எஃப்.டி.ஏ. சொல்லும் கணக்கு. 26 வயசில் வைத்தால் வாழ்க்கையில் ஒரு ஆபரேஷனோடு முடியாது. இந்தச் செலவையும் இன்றைக்கே கணக்கில் எழுத வேண்டும்.

ஆனால் மேமோகிராம் மேசையில் இம்பிளான்ட் எனக்கு ஒத்துழைக்கும். எக்லண்ட் என்பவர் 1988-ல் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. பையை நெஞ்சுப்பக்கம் தள்ளிவிட்டு, மார்புச் சதையை மட்டும் மெதுவாக முன்னே இழுத்துத் தட்டுகளுக்கு நடுவில் வைப்போம். வழக்கமான 4 படத்தோடு இப்படி இன்னும் 4. நேரமாகும், கை பழக வேண்டும், ஆனால் சதை தெரியும். சதைக்குள்ளேயே பரவிக் கிடக்கிற ஜெல்லை நான் எங்கே தள்ளுவது?

படம் தெளிவாக வருவதற்கு ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறேன் என்றால், இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புக்குத்தான். 2022-ல் மட்டும் புதிதாகச் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேர், இறந்தவர்கள் சுமார் 98 ஆயிரம் பேர். மேல்நாட்டுப் பெண்களைவிட நமக்குப் பத்து வருஷம் முன்னாலேயே வருகிறது. 40-களில் இருக்கும் பெண்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை வெளியே உட்கார வைத்துவிட்டு என் அறைக்குள் வந்திருக்கிறார்கள். 26 வயசுப் பெண்ணுக்கு அந்த வயசு தூரத்தில் தெரியும். போட்ட கரையாத ஜெல்லோ அதுவரைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

மாத்திரை, எண்ணெய், கிரீம், உறிஞ்சும் பம்பு எல்லாம் விற்கிறார்கள். கிரீமாலும் மாத்திரையாலும் வளர்வதில்லை. ஹார்மோன் கலந்திருந்தால் மாதவிடாய்தான் கெடும்.

எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான், அதையும் மற்றவற்றோடு சரிசமமாக எடைபோட வேண்டும். எங்கள் காலத்தில் லாங் பஜார் கடையில் ஆண் விற்பனையாளர் எதிரே நின்று பிரா அளவு சொல்லக் கூச்சப்பட்டு, "34 குடுங்க" என்று எதையோ சொல்லி வாங்கிவந்து, வாழ்நாள் முழுக்கத் தப்பு அளவிலேயே போட்டோம். என் தங்கச்சி மகளும் அப்படித்தான். அவளை உட்கார வைத்து டேப்பால் அளந்தேன். மார்புக்குக் கீழே சுற்றளவு 30, அவள் போட்டிருந்தது 34. பட்டை தளர்ந்து முதுகில் ஏறியிருந்தது, முன்னால் தொய்ந்திருந்தது. சரியான அளவில் மெல்லிய பேட் வைத்த ஒன்றைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இதனால் அவள் மனக்குறை தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். முடிவெடுக்கும் முன் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன்.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து காட்பாடியில் இறங்கி வைத்தியத்துக்கு வருகிற ஊர் இது. கடைப் பலகையெல்லாம் வங்காள எழுத்து. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியது இன்றைக்கு சி.எம்.சி. மருத்துவமனை. அங்கேதான் 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். உருவத்தைச் சீர்செய்வது வைத்தியத்தின் வேலைதான் என்று அன்றிலிருந்தே இந்த ஊருக்குத் தெரியும். பிளாஸ்டிக் சர்ஜனிடம் போய் மார்பைப் பற்றிப் பேச வெட்கப்பட ஒன்றுமில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம்தான் நம் பெண்களை வெளியூர் ரயிலில் ஏற்றுகிறது. நிஜமாகவே அந்தப் பயம் இருந்தால் சென்னைக்குப் போங்கள், ஆனால் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரிடம், ஆபரேஷன் தியேட்டர் உள்ள மருத்துவமனையில். மாநில மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உள்ளே போகும் பொருளின் பெட்டியைக் கண்ணால் பார்க்காமல், எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் லாட் நம்பர் ஸ்டிக்கரைக் கையில் வாங்காமல் எதையும் ஏற்றிக்கொள்ள வேண்டாம். 'இதை எப்படி எடுப்பீங்க, எத்தனை பேருக்கு எடுத்திருக்கீங்க' என்று கேளுங்கள். 'எடுக்க வேண்டிய அவசியமே வராது' என்று பதில் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டவர்கள் பயந்து ஒளிய வேண்டாம். யாரையும் விட்டு அமுக்கியோ பிதுக்கியோ எடுக்கச் சொல்லாதீர்கள். ஒரு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்து ஜெல் எங்கெங்கே இருக்கிறது என்று பதிவு செய்து வையுங்கள். எந்தப் படிவத்திலும், எந்த ஸ்கேன் அறையிலும் முதலில் அதைச் சொல்லுங்கள். கர்ப்பமாவதற்கு முன்னாலேயே சர்ஜனைப் பாருங்கள். சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே போங்கள்.

என் தங்கச்சி மகள் விஷயத்தில் இதுவரை இவ்வளவு. ஊசியை விட்டுவிட்டாள். கொழுப்பும் சரி, இம்பிளான்ட்டும் சரி, வீக்கம் வடிந்து ஒரு நிலைக்கு வர மூன்றிலிருந்து ஆறு மாதம் பிடிக்கும், இப்போது ஆவணி நடக்கிறது. தை முகூர்த்தத்தைத் துரத்திக்கொண்டு ஆபரேஷன் மேசையில் படுக்கக் கூடாது என்றேன், ஒப்புக்கொண்டாள். கல்யாண ஜாக்கெட்டுக்குக் கப் வைத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறோம். வருகிற செவ்வாய்க்கிழமைக்கு பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி.யில் பதிவு போட்டிருக்கிறாள். எதையும் செய்துகொள்ள இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டும். நானும் கூடப் போகிறேன். அவள் அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தாள். நேற்று ராத்திரி போன் வந்தது.

"அம்மாவும் வர்றாங்களாம் பெரியம்மா. காலைல ஏழு மணிக்கே வந்துடுங்க, டோக்கன் போடணும்."